வண்டி ஆறட்டும்

பழைய டர்போவைக் கழற்றியதுதான் அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில், வீட்டுக்கு ஏறும் படிக்கட்டுக்குக் கீழே, சாலையோரம் தகரம் வேய்ந்த இடத்தில் கார் நின்றிருந்தது. பனி அப்போதுதான் விலகி, எதிர்ச் சரிவில் தேயிலை தெரியத் தொடங்கியிருந்தது. ஜீவிதா பானட்டுக்குள் தலையை விட்டு, வெப்பம் தடுக்கும் தகட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா சின்னராஜ் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தார். வழக்கத்தில் இது தலைகீழாக இருக்கும். அவர் குனிவார், அவள் எடுத்துக் கொடுப்பாள். அன்று இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார்.

"பதினாலு வேணுங்கப்பா."

"பதினாலு இருக்குது. பதிமூணத்தான் பக்கத்தூட்டு பிலோமியோட ஊட்டுக்காரன் வாங்கீட்டுப் போயி, கேஸ் சிலிண்டருக்குக் காவல் வெச்சிருக்கறான். இந்தா."

டர்போ வெளியே வந்தது. இரண்டு நத்தைக்கூடுகளை முதுகோடு முதுகு ஒட்டியது போன்ற இரும்பு. ஒரு கூட்டில் எஞ்சினின் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல். அத்தனை வேகத்தில் சுற்றும் தண்டைத் தாங்குபவை இரண்டு வெண்கல வளையங்கள். வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம். படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. அதற்குப் பெயர் ஜர்னல் பேரிங்.

சின்னராஜ் அதை மடியில் வைத்து, தண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார்.

"ஆடுது பாரு."

"பக்கவாட்டுல ஆடலாமுங்கப்பா. எண்ணெய் வந்துச்சுன்னா அந்த எடத்த அது நெறச்சுக்கும். முன்னயும் பின்னயும்தான் ஆடக் கூடாது."

முன்னும் பின்னும் இழுத்தார். டக் என்றது.

"அப்ப இது கத முடிஞ்சுது" என்று சிரித்தார்.

அன்று மாலை ஜீவிதா அதை அரிசிப் பையில் சுற்றிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினாள். அங்கே ஒரு பம்பு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. சுழலும் தண்டுகளின் அதிர்வை அளப்பது. பழைய டர்போவின் கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் புதிதாக, கொஞ்சம் பெரிதாகப் போட்டுத் தருவதாக முத்துராஜ் என்ற கடைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். கடை அவள் தங்கியிருந்த விடுதியிலிருந்து இரண்டு நிறுத்தம்.

"ரெடியானா சனிக்கிழம நானே எடுத்துட்டு வந்தர்றேனுங்கப்பா."

"வேண்டாம். நானே இறங்கி வாங்கிக்கறேன். கீழ எனக்கு இன்னொரு வேலையும் இருக்குது."

"என்ன வேலைங்க?"

"இருக்குது, போ. பஸ்சு வருது பாரு."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்பதற்கு அதில் எதுவும் இல்லை. மலையில் இருப்பவர்களுக்குக் கீழே என்றால் மேட்டுப்பாளையமும் கோயம்புத்தூரும். ஒற்றை வேலைக்காக யாரும் இறங்குவதில்லை. கண்ணாடி மாற்றுவது, மிக்ஸி பழுதுபார்ப்பது, ஒறம்பரை சொந்தம் யார் வீட்டிலாவது துக்கம் கேட்பது என்று சேர்த்து வைத்திருந்து, மொத்தமாக ஒரு நாள் இறங்கி, மொத்தமாக முடித்துவிட்டு ஏறுவார்கள். சின்னராஜ் ஒருமுறை பல் வலியையே, குக்கர் வாஷர் தேய்கிற வரைக்கும் தள்ளிப்போட்டவர்.

*

சின்னராஜின் தாத்தா அன்னூர்ப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலை ஏறியவர். சின்னராஜுக்கு இலை பறிக்கவும் வரவில்லை, படிப்பும் வரவில்லை. ஸ்டியரிங் வந்தது. ஒரு டீ ஃபேக்டரியின் பச்சை இலை லாரியை ஓட்டினார். சிறு தோட்டக்காரர்கள் இலையைக் கொண்டு வந்து எடை போடும் கொட்டகைகளில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, இலை வாடிச் சூடேறுவதற்குள் ஃபேக்டரிக்குச் சேர்க்க வேண்டும். அவசரமான வேலை, மெதுவான வண்டி. பாரத்தோடு ஏறும்போது முதல் கியர், மிஞ்சினால் இரண்டாவது. பின்னால் டூரிஸ்ட் கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடிக்கும். மலைச் சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது சட்டம். எதிரே இறங்குபவர்கள் அவருக்கு வழி விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அவரைத் திட்டினார்கள். அவருடைய வேலைக்காலம் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிசை இருந்துகொண்டே இருந்தது.

"சின்னராஜ் லாரி கீழ் வளைவுல வருதாமா. வா, ஒரு டீ குடிச்சு, ஷேவிங்கும் பண்ணீட்டு வரலாம்" என்பார்கள் பஸ் நிறுத்தத்தில்.

"பண்ணீட்டு வாங்க. மூஞ்சியாவது நல்லா இருக்கட்டும்" என்பார் அவர்.

ஃபேக்டரி லாரியை விற்றுவிட்டு வாடகை வண்டிக்கு மாறியபோது, ஊட்டி பெர்ன்ஹில்லில் ஒரு தங்கும் விடுதிக்கு டிரைவராகப் போனார். அங்கே தார்ப்பாயின் கீழே ஒரு கார் கிடந்தது. வெள்ளி நிறம், டர்போ பெட்ரோல், ஓடுகிற காலத்தில் பெரிய பேர் வாங்கிய வண்டி. முதலாளியின் மகன் ஆசைப்பட்டு வாங்கி, நீலப் புகை விட ஆரம்பித்ததும் விட்டுவிட்டு வெளிநாடு போயிருந்தான். "நிறுத்த இடமில்ல, எடுத்துட்டுப் போறியா?" என்று முதலாளி கேட்டதை சின்னராஜ் இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார்.

புகை விட்டாலும் வண்டி ஏறியது. குன்னூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏறியது. முதல் நாள் ஜீவிதாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனபோது அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"என்னங்கப்பா பாக்கறீங்க?"

"பொறவால ஒருத்தனையும் காணம், அம்மிணி."

தேய்ந்த பேரிங்கோடு டர்போ மெலிதாகச் சீட்டி அடிக்கும். ஊரில் அதற்குச் சீட்டி வண்டி என்று பெயர் வந்தது. மேல் வளைவில் சீட்டி கேட்டதும் வீட்டில் பாலாமணி கணவருக்கு டீ வைப்பாள்.

எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவள் ஜீவிதாதான். "ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு அணைங்கப்பா. சூடா இருக்கறப்ப எண்ணெய் ஓட்டம் நின்னா பேரிங்குலயே கருகீரும்." அதை அவர் நேர்த்திக்கடன் போலப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம் ஐந்தானது. எஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான் படியேறுவார்.

"ஏனுங்க, வண்டியிலயே குடித்தனமா?" என்று பாலாமணி படிக்கு மேலிருந்து கத்துவாள்.

"ஆறட்டும் இரு!"

"உங்க வண்டி ஆறுதோ இல்லியோ, இங்க டீ ஆறிப்போச்சு!"

பக்கத்து வீட்டு பிலோமி கடைக்குப் போகும் வழியில் கண்ணாடியைத் தட்டுவாள். "அண்ணே, உள்ளார தியானமா?" அவர் கையை மட்டும் தூக்குவார்.

*

பழையதைக் கழற்றுவதற்கு முன்னால், எந்த டர்போ போடுவது என்று இரண்டு மாதம் போனில் பேசினார்கள். பழையபடியே ஒன்று போட்டால் போதும் என்று முத்துராஜ் சொன்னார். போதாது என்றாள் ஜீவிதா. அவள் பக்கம் நியாயம் இருந்தது. மேலே காற்று லேசு. கீழே இருக்கும் அளவில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் இங்கே கிடைக்கும். அதே அழுத்தம் தர டர்போ அங்கே சுற்றுவதைவிட இங்கே வேகமாகச் சுற்ற வேண்டும். கீழே டியூன் செய்து மேலே ஓட்டும் வண்டிகளின் டர்போக்கள் இப்படித்தான் சீக்கிரம் போகின்றன. சக்கரம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலே காற்று போதும். மிகவும் பெரிதாகிவிட்டால் கொண்டை ஊசி வளைவை விட்டு வெளியே வரும்போது தூங்கும். அது விழிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். கணக்குப் போட்டு நடுவில் ஓர் அளவைப் பிடித்தாள்.

அளவில் சண்டை இல்லை. பேரிங்கில்தான் வந்தது. அவளுக்குச் சிறு குண்டுகள் உருளும் பால் பேரிங் வைத்தது வேண்டும். சீக்கிரம் சுழலும், உராய்வு குறைவு.

"அதுல தண்ணியும் சுத்துமுங்கப்பா. எஞ்சின அணைச்ச பொறவும் தண்ணி சூட்ட எடுத்துக்கும். நீங்க வண்டிக்குள்ளயே உக்காந்திருக்க வேண்டியதில்ல."



"உக்கார வேண்டாமா?"

"வேண்டாம். அணைச்சதும் எறங்கி நேரா ஊட்டுக்குப் போலாம்."

"அப்ப அது வேண்டாம் அம்மிணி. ஜர்னலே இருக்கட்டும்."

"ஏனுங்கப்பா?"

"வெலையப் பாத்தியா? அதுல ஒண்ணு வாங்கற காசுக்கு இதுல மூணு வாங்கலாம். வண்டிய ரேசுக்கா உடறேன்? உங்கம்மாள ஊட்டிக்குக் கூட்டீட்டுப் போறேன்."

"அம்மா என்னைக்கு உங்க கூட வந்துச்சு?"

"வராதுதான். ஆனா கூப்பிடறேன் இல்ல?"

விலை பொய்யில்லை. ஜர்னல் பேரிங்குக்கு அவளாலும் நியாயம் சொல்ல முடிந்தது. எண்ணெய் சுத்தமாக இருந்தால் நெடுநாள் உழைக்கும். கெட்டால் முத்துராஜ் கடையிலேயே வளையம் மாற்றிவிடலாம்; பால் பேரிங் கெட்டால் உள்பாகத்தையே மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டும். சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் தகடு ஒன்று உண்டு, த்ரஸ்ட் பேரிங். சாதாரணமாக அது முக்கால் வட்டம்தான் இருக்கும். கூடுதல் அழுத்தத்துக்கு முழு வட்டம் வேண்டும்.

பழைய டர்போவைக் கொடுத்த முதல் வாரக் கடைசியில், அந்தத் தகடு கையிருப்பில் இல்லை, டெல்லியிலிருந்து வர வேண்டும், மற்றது எல்லாம் தயார் என்றார் முத்துராஜ்.

"வரட்டுமுங்க. அது இல்லாம கட்டாதீங்க" என்றாள் ஜீவிதா.

அப்பாவுக்கும் போன் போட்டுச் சொன்னாள். "எத்தன நாளாவும்?" என்று கேட்டார். தெரியாது என்றாள். "சரி, வரட்டும்" என்றார்.

*

டர்போ இல்லாமல் கார் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. பானட்டுக்குள் குழாய்களின் வாய்களை ஜீவிதா துணியால் கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, சின்னராஜ் குன்னூர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு டவுன் பஸ்சில் திரும்பினார். காய்கறிப் பையோடு இறங்கினார். படியேறவில்லை. கார் கதவைத் திறந்து, பையைப் பக்கத்து சீட்டில் வைத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார்.

பிலோமி அந்த வழியாகப் போனாள். தியானத்தைக் கலைக்க வேண்டாம் என்று இந்த முறை கண்ணாடியைத் தட்டவில்லை. பாலாமணி மேலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் தோள் தெரிந்தது. போய் டீ வைத்தாள். டீ ஆறியது. மறுபடியும் சூடு பண்ணினாள். அதுவும் ஆறியது. கத்திக் கூப்பிட்டாள். ஆறட்டும் என்ற பதில் வராதபோதுதான் இறங்கி வந்தாள்.

கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஜீவிதா வந்து சேர்ந்தபோது கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பாலாமணி திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "வண்டிய ஆறவெக்கறாருன்னு நெனச்சேன். வண்டிய ஆறவெக்கறாருன்னுதான் நெனச்சேன்." வந்தவர்கள் தலையாட்டினார்கள். யாரும் அந்த வாக்கியத்தில் குற்றம் காணவில்லை.

ஜீவிதாவுக்குத்தான் அது காதில் இடறியது. வண்டியில் டர்போ இல்லை. எஞ்சின் ஓடி மூன்று வாரம் ஆகியிருந்தது. அவர் வந்தது பஸ்சில். அங்கே ஆறவேண்டியது எதுவும் இல்லை. அது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பிலோமிக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் வண்டி ஆறுகிறது என்றே நினைத்தார்கள்.

பின்னோக்கி நினைத்துப் பார்த்தாள். ஒரு நிமிடம் ஐந்தானது எப்போது? வாளிமேல் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தது இடுப்புக்காகவா? உக்கார வேண்டாமா என்று போனில் கேட்ட குரல்? இறங்கியதும் நாற்பது படி. நடுவில் உட்கார்ந்தால் எல்லோரும் பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். காருக்குள் உட்கார்ந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் சொல்லியிருந்தார், "இது இன்னிக்கு வந்ததில்ல. முன்னாலயே மூச்சு வாங்கியிருக்கும், நெஞ்சு அடைச்சிருக்கும். யாருகிட்டயும் சொல்லலையா?"

பாலாமணி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டாள். காரியம் முடிந்து ஒறம்பரை கலைந்த பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள்.

"உன்ற கிட்டச் சொன்னாரா?"

"இல்லம்மா."

"அப்ப அவருக்கே தெரியாதா? தெரிஞ்சும் வேண்டாம்னு இருந்துட்டாரா?"

"தெரியலம்மா."

"நீ மெசினு படிச்சவ. உனக்குமா தெரியாது?"

பாலாமணி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். தெரியாமல் போனார் என்றால் அழுதுவிட்டு விட்டுவிடலாம். தெரிந்தே, வைத்தியமும் வேண்டாம், இவர்களும் வேண்டாம் என்று இருந்துவிட்டார் என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? ராத்திரி சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். "வேண்டாம்னே இருந்துட்டாரா?" ஜீவிதாவிடம் அதற்கு அளவுகோல் இல்லை.

*

அப்பாவின் போன் அலமாரியில் கிடந்து அடித்தது. ஜீவிதா எடுத்தாள்.

"அண்ணா, முத்துராஜ் பேசறேனுங்க. டெல்லி சாமான் வந்து, கட்டி, பேலன்சும் பாத்தாச்சு. எப்ப எறங்கறீங்க?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். 

காரை விற்றுவிடுவது என்று பாலாமணி ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். படியில் இறங்கும்போதெல்லாம் அந்த சீட் தெரிந்தது. கோத்தகிரியில் ஒருவர் ஓடும் நிலையில் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆகவே டர்போ வேண்டும்.

"போயி வாங்கீட்டு வா" என்றாள் பாலாமணி. "கீழ இன்னொரு வேல இருக்குதுன்னு எங்கிட்டயும் சொன்னாரு. அந்தக் கடைக்காரருக்குத் தெரியுமான்னு கேளு."

"அவருகிட்ட எதுக்கும்மா சொல்லப் போறாரு?"

"கேளு. கேட்டா என்ன?"

கோயம்புத்தூர் கணபதியில், லேத்துப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில் முத்துராஜின் கடை. ஐம்பதைக் கடந்த மனிதர், கையில் கருப்பு மசி. அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார். டர்போவை மேசைமேல் வைத்தார். பழைய கூடுதான், மணல் அடித்துப் புதிதாக்கியிருந்தார். வாய்களை மஞ்சள் மூடி போட்டு அடைத்திருந்தார்.

அவள் மூடியைக் கழற்றி, தண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள். பக்கவாட்டில் மிக லேசாக ஆடியது. முன்னும் பின்னும் இழுத்தாள். அசையவில்லை.

"நல்லாருக்குங்க."

"நீங்க கேட்ட முழு வட்டந்தானுங்க. அது ஒண்ணுதான் லேட்டாக்கிப்போட்டுது. பாக்கியெல்லாம் மொத வாரமே ரெடிங்க." அவர் துணியால் கையைத் துடைத்தார். மசி போகவில்லை. "அண்ணன நான் நேர்ல பாத்ததே இல்லீங்க. ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவ பேசீருவாரு. சாமான் வந்துச்சான்னு ஆரம்பிப்பாரு, அப்பறம் எங்கெங்கியோ போயிரும்."

"கீழ வேற ஒரு வேல இருக்குதுன்னு சொன்னாருங்க. என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?"

முத்துராஜ் துணியை மடித்து மேசைமேல் வைத்தார்.

"உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"இல்லீங்க."

"எனக்குப் போன வருசம் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க. ஒரு நாள் பேச்சுவாக்குல அதச் சொன்னேன். அவரு அதையே துருவித் துருவிக் கேட்டாரு. எப்பிடி வலிக்கும், படி ஏறுனா எப்பிடி இருக்கும்னு. நான் வெளையாட்டாத்தான் சொன்னேன், என்னங்கண்ணா, உங்களுக்கும் பேரிங் ஆடுதான்னு. சிரிச்சாரு. அப்பறம் ஆமாங்கன்னாரு." அவர் தெருவைக் கை காட்டினார். "என்ற டாக்டரு இங்கதானுங்க, ரெண்டாவது சந்து. நாளைக்கே வாங்கன்னேன். ரெண்டு வாட்டி எதுக்குங்க எறங்கோணும், சாமான் ரெடியானதும் ஒரேயடியா வந்தர்றேன்னாரு. சாமான உங்க கடையிலயே வெச்சுப்போட்டு டாக்டரப் பாத்துட்டு வந்தர்றேன், அதத் தூக்கீட்டு ஆஸ்பத்திரிக்குள்ள போனா வெளிய தள்ளீருவாங்கன்னு சிரிச்சாரு. ஊட்ல சொல்லீட்டீங்களான்னு கேட்டேன். பாத்துட்டு என்னன்னு தெரிஞ்சுட்டுச் சொல்றேன், இப்பவே சொன்னா அவ சாப்பிட மாட்டான்னாரு."

ஜீவிதா மஞ்சள் மூடியைத் திரும்பப் போட்டு அழுத்தினாள். அது சரியாக உட்காரவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

"போன் வரும்போதெல்லாம் நானும் டெல்லிக்காரனத் திட்டீட்டேதானுங்க இருந்தேன்" என்றார் முத்துராஜ்.

அவள் டர்போவை அதே அரிசிப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. முதல் சந்தைக் கடந்து இரண்டாவது சந்தின் முனையில் நின்றாள். உள்ளே டாக்டரின் பெயர்ப் பலகை தெரிந்தது. வாசலில் ஆட்கள் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். பை தோளை இழுத்தது. கீழே வைக்கவில்லை.

போன் அடித்தது. அம்மா.

"வாங்கீட்டியா?"

"வாங்கீட்டேன்."

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன வேலையாமா?"

"டாக்டரப் பாக்கறதும்மா. பாத்துட்டு வந்து உன்ற கிட்டச் சொல்லலாம்னு இருந்திருக்கறாரு."

 போனில் பாலாமணியின் மூச்சு கேட்டது.

"வேண்டாம்னு இருக்கலயா அப்ப."

"இல்லம்மா. இருக்கல."

"பொறவு ஏன் போகாம இருந்தாரு?"

ஜீவிதா சந்துக்குள் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சாமான் ரெடியாகலம்மா."